வெள்ளி போன வழி – 9: ஆறு ஓடிய தெரு

குவானாஹுவாத்தோவுக்குப் பேருந்தில் வருகிறவர், ஊர் வந்துவிட்டது என்று எட்டிப் பார்க்கும் நேரத்தில் ஊர் காணாமல் போய்விடும். வண்டி ஒரு கல் வளைவுக்குள் நுழைந்து தரைக்குக் கீழே இறங்கிவிடும். இரண்டு பக்கமும் பழைய கல் சுவர். தலைக்கு மேலே வளைவு வளைவாகக் கல் கட்டு. நடுநடுவே கூரை திறந்திருக்கும் இடங்களில் ஒரு துண்டு வானமும், சுவரைத் தாண்டி முன்னால் நீண்டு நிற்கும் ஏதோ ஒரு வீட்டின் அடிப்பாகமும் தெரியும். அந்த அரையிருட்டிலேயே தெரு கிளை பிரியும், வேறு தெரு வந்து சேரும், பேருந்து நிறுத்தமும் வரும். இறங்கியவர்கள் சுவரோரப் படிகளில் ஏறி வெயிலுக்குள் போய்விடுவார்கள்.

இந்தத் தெருவில் முன்பு ஆறு ஓடியது. ஊரை வளர்த்ததும் அதுதான், பல முறை ஊரை வாரிக்கொண்டு போனதும் அதுதான். ஆற்றைத் தரைக்குக் கீழே அனுப்பிவிட்டு அதன் படுகையில் வண்டி ஓட்டுகிற நிலைக்கு இந்த ஊர் எப்படி வந்தது என்று கேட்டால், பதில் வெள்ளியில் போய் முடியும்.

சென்ற வாரம் சகத்தேகாசில் நின்றோம். 1546-ல் அங்கே வெள்ளி கண்டெடுக்கப்பட்டதும் மெக்சிகோ நகரிலிருந்து வடக்கே ஒரு நெடும்பாதை பிறந்ததையும், அதில் கோவேறு கழுதை ஓட்டிகளும் மாட்டு வண்டிகளும் நிறைந்ததையும் பார்த்தோம். அந்தப் பாதையில் போய்வந்த கழுதை ஓட்டிகள்தாம் வழியிலிருந்த இந்த மலைகளில் வெள்ளியைக் கண்டார்கள் என்பது ஊர் மரபு. இரவில் குளிருக்குத் தீ மூட்டினார்களாம். காலையில் சாம்பலுக்கு அடியில் கல் உருகி மின்னியதாம். இதே கதையை உலகின் பல சுரங்க ஊர்களில் சொல்கிறார்கள் என்பதால் அதை மரபு என்றே வைத்துக்கொள்வோம். 1548-ல் முதல் தாது, 1550 வாக்கில் ஹுவான் தெ ராயாஸ் என்ற கழுதை ஓட்டியின் பெயரைத் தாங்கிய ராயாஸ் சுரங்கம், அதைத் தொடர்ந்து ‘வேத்தா மாத்ரே’ எனப்படும் தாய்த்தாரை என்று கண்டுபிடிப்புகள் வரிசையாக வந்தன. மலைத்தொடரின் ஊடே இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வெள்ளித் தாரை அது.

இடத்தை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மெக்சிகோ நகருக்கு வடமேற்கே சுமார் 360 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர், கொடைக்கானலை ஒட்டிய உயரம். ஆனால் கொடைக்கானலின் பசுமையையோ மூடுபனியையோ இங்கே தேடக் கூடாது. ஆண்டின் பெரும்பகுதி வறண்ட, தெளிவான வானம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. தெற்கே பாஹியோ என்னும் பரந்த சமவெளி. சோளமும் கோதுமையும் விளையும் வண்டல் பூமி. அந்தச் சமவெளி முடிந்து மலை எழும்பும் இடத்தில், குறுகலாக, வளைந்து வளைந்து போகும் ஒரு பள்ளத்தாக்கு. அதன் அடியில்தான் ஊர். புரேப்பெச்சா மொழியில் ‘குவனாசு’ தவளை, ‘உவாத்தோ’ குன்று. தவளைக் குன்று என்ற அந்தப் பெயரைத்தான் ஸ்பானியர் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள்.

மன்னர் இரண்டாம் பிலிப் 1573-ல் ஒரு சட்டத் தொகுப்பு வெளியிட்டார். புதிய நகரங்களில் நடுவே சதுக்கம் இருக்க வேண்டும், அதிலிருந்து தெருக்கள் நேராகப் பிரிய வேண்டும், மனைகள் கட்டம் கட்டமாக இருக்க வேண்டும் என்று அது வகுத்தது. புவெப்லாவைப் பார்த்தால் கட்டம் போட்ட காகிதத்தை விரித்தது போலிருக்கும். குவானாஹுவாத்தோவில் அந்தச் சட்டம் செல்லவில்லை. இங்கே நேர்க்கோடு போட நிலம் கிடையாது. தாதுவை அரைக்கவும் கழுவவும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் பள்ளத்தின் அடியில் ஓடியது. ஆகவே நல்ல நிலத்தையெல்லாம், அதாவது ஆற்றோரத்தையெல்லாம், தாது பிரிக்கும் ஆலைகள் பிடித்துக்கொண்டன. ஆட்கள் மிஞ்சிய சரிவுகளில் வீடு கட்டினார்கள். கழுதை ஏறிய தடம் சந்தாயிற்று. மழைநீர் அறுத்த ஓடை தெருவாயிற்று. இன்றும் ஊரின் பாதி சந்துகள் படிக்கட்டுகள்தாம். சுற்றுலாக்காரர்கள் தேடிப்போகும் ‘முத்தச் சந்து’ என்ற ஒன்றில், எதிரெதிர் மாடங்களில் நிற்கும் இருவர் கை நீட்டித் தொட்டுக்கொள்ளலாம். அதற்குக் காதல் கதை ஒன்று சொல்வார்கள். இடமில்லாத ஊரில் ஒவ்வொருவரும் ஒரு முழம் முன்னால் நீட்டிக் கட்டியதன் விளைவு அது என்பதே என் எண்ணம்.

ஆலைகளில் நடந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சுரங்கத்திலிருந்து வந்த கல்லை முதலில் உடைப்பார்கள். பிறகு வட்டமான கல் தொட்டியில் போட்டு, கோவேறு கழுதைகளைப் பூட்டி, கனத்த பாறைகளை அதன்மேல் இழுக்கவிட்டு மாவாக அரைப்பார்கள். அந்த மாவைத் தண்ணீர் விட்டுச் சேறாக்கி, கல் பாவிய முற்றத்தில் பரப்புவார்கள். உப்பு, செம்புக் காரம், பாதரசம் மூன்றும் அதில் சேரும். பிறகு கழுதைகளை அந்தச் சேற்றில் இறக்கி, நம் களத்தில் மாடு பூட்டிப் போரடிப்பது போல, நாள் கணக்கில், வாரக் கணக்கில் மிதிக்க விடுவார்கள். பாதரசம் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். சேற்றைக் கழுவிவிட்டு, மிஞ்சியதைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் போய் வெள்ளி நிற்கும். பார்த்தலோமே தெ மெதினா 1550-களில் பாச்சூக்காவில் நிலைநாட்டிய முறை இது. 1803-ல் குவானாஹுவாத்தோ ஆலைகளில் மட்டும் 14,000-க்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகள் உழைத்தன. சேற்றோடு ஆற்றில் போன பாதரசத்துக்கும், காற்றில் கலந்து மனிதர் மூச்சில் போன பாதரசத்துக்கும் அந்தக் காலத்தில் யாரும் கணக்கு வைக்கவில்லை.

ஆற்றின் கோபத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. வெள்ளி எடுத்த பிறகு மிஞ்சிய சேறும் கல் பொடியும் ஆற்றில்தான் கொட்டப்பட்டன. படுகை ஆண்டுக்கு ஆண்டு மேடேறியது. சுற்று மலைகளின் மரங்கள் சுரங்கத்துக்கு முட்டுக்கட்டையாகவும் உலைக்கு விறகாகவும் போயின. மொட்டை மலையில் பெய்த மழை நிற்காமல் இறங்கியது. 1760-ல் பெருவெள்ளம், 1780-ல் மறுபடியும். ஊர் இதற்குக் கண்ட வழி விசித்திரமானது: ஆற்றின் படுகை உயர உயர, ஊரும் தன்னை உயர்த்திக்கொண்டது. தெருவை மேடாக்கினார்கள், கீழ்த்தளத்தைப் புதைத்து, மாடியைத் தரைத்தளமாக்கினார்கள். சான் தியேகோ கோயிலை ஒட்டியிருந்த மடத்தின் பழைய தரை இன்று தெருவுக்கு அடியில் கிடக்கிறது. படியிறங்கிப் போனால் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு வளைவுகளின் நடுவே நிற்கலாம், அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நகரின் அடியில் நகரம் என்று சொல்வது இங்கே வெறும் பேச்சில்லை.

1740-களில் பள்ளத்தாக்கின் மேல்முனையில் ‘ஓயா’ அணை கட்டினார்கள். ஓயா என்றால் பானை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் திங்கட்கிழமை அதன் மதகைத் திறப்பது இன்றும் ஊர்த் திருவிழா. குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு போய், வாத்திய இசையோடு, தண்ணீர் பாய்வதைப் பார்த்து நிற்பார்கள். தேங்கிய பழைய நீரை விட்டு ஆற்றைக் கழுவி, மழைக்காலத்துப் புதுநீருக்கு இடம் பண்ணுவதே ஆதி நோக்கம். ஆடிப் பெருக்கு அறிந்த நமக்கு இந்தக் கூட்டத்தின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அணையும் போதவில்லை. 1905 ஜூலை 1 அன்று வந்த வெள்ளத்தில் ஊரின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. கீழே மார்ஃபில் என்ற ஆலைப் பகுதி பாழாகி, வெகுகாலம் ஆளற்றுக் கிடந்தது. அதன் பிறகுதான் மலையைக் குடைந்து வெள்ளநீரைத் திருப்பிவிடும் சுரங்க வழி அமைந்தது. பாறையைக் குடைவது இந்த ஊருக்குப் புதிதா என்ன? மூன்றரை நூற்றாண்டாகக் கற்ற கைத்தொழில். வெள்ளத்தின் பயம் போனபின், 1960-களில் மிச்ச ஆற்றை இன்னும் கீழே கால்வாயில் இறக்கிவிட்டு, படுகைக்குக் கல் பாவி, மிகேல் இதால்கோ தெரு என்று பெயர் வைத்தார்கள். நாம் பேருந்தில் நுழைந்த தெரு அதுதான்.

இனி மலை மேலே போவோம். ஊருக்கு வடக்கே, மலை முதுகில், வலென்சியானா. அந்தோனியோ தெ ஓப்ரெகோன் என்ற கைப்பணம் இல்லாத மனிதர் 1760-ல் இங்கே தோண்டத் தொடங்கினார். பயனற்றது என்று மற்றவர்கள் விட்டுப்போன இடம். வணிகர்களிடம் கடன் வாங்கி வாங்கித் தோண்டி, சில ஆண்டுகளில் தாய்த்தாரையின் கொழுத்த பகுதியைத் தொட்டார். 1780-ல் அவர் வலென்சியானா பிரபு. சுரங்க வாயில் அருகே அவர் கட்டிய சான் காயெத்தானோ கோயில் 1788-ல் முடிந்தது. வெளியே இளஞ்சிவப்புக் கல்லில் இழை இழையாகச் செதுக்கிய முகப்பு. உள்ளே தரை முதல் கூரை வரை பொன் பூசிய மூன்று பலிபீடச் சுவர்கள். கண் கூசும் அழகு என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த அழகுக்கு நேர் கீழே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதிக் கோயிலைத்தான் பார்த்தவர்களாவோம்.

கீழே நடந்ததை எழுதிவைத்தவர் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட். 1803-ல் இங்கே வந்து தங்கி, சுரங்கங்களுக்குள் தாமே இறங்கி, ஆழத்தையும் வெப்பத்தையும் அளந்தார். வலென்சியானா அப்போது 500 மீட்டருக்கு மேல் ஆழம். அதில் வேலை செய்தவர்கள் 3,000-க்கும் மேல். அவரை அதிர வைத்தவர்கள் ‘தெனாத்தேரோ’ எனப்பட்ட சுமையாளிகள். தாதுக்கல்லைக் கோணிப்பையில் கட்டி முதுகில் ஏற்றி, நூறு கிலோவுக்கு மேல், சில சமயம் நூற்றைம்பது கிலோ வரை, ஏறக்குறைய 1,800 படிகள் உள்ள வழியில் ஏறி வந்தார்கள். ஒரு நாளில் எட்டு முறை, பத்து முறை. எரியும் மெழுகுவத்தி வெளிச்சத்தில், வியர்த்து ஒழுகும் வெப்பத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுவர்களும் அறுபது வயது முதியவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

இவர்கள் அடிமைகள் இல்லை, கூலிக்காரர்கள். புரேப்பெச்சா, ஓத்தோமி ஊர்களிலிருந்து வந்தவர்கள், ஆப்பிரிக்க வழி வந்தவர்கள், எல்லா இனமும் கலந்து பிறந்தவர்கள் என்று பலரும் இங்கே வேலை தேடி வந்தார்கள். கல்லைப் பெயர்ப்பவருக்குக் கூலி போகத் தாதுவிலும் ஒரு பங்கு உண்டு என்ற பழைய வழக்கம் அவர்களை ஈர்த்தது. அந்தப் பங்கைக் குறைக்க முதலாளிகள் கை வைத்த போதெல்லாம் ஊர் கொதித்தது. 1767-ல் ஸ்பானிய மன்னர் இயேசு சபைத் துறவிகளை நாடு கடத்தினார். இங்கே அவர்களின் பெரிய கோயில் கட்டி முடிந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. வரிச்சுமையிலும் கெடுபிடியிலும் ஏற்கெனவே நொந்திருந்த சுரங்கத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அரசப் பிரதிநிதி ஹோசே தெ கால்வேஸ் படையோடு வந்து ஊரைச் சூழ்ந்து, தூக்கும் கசையடியும் சிறையுமாக அடக்கினார். அந்த வடு ஆறவேயில்லை என்று நினைக்கிறேன்.

ஹம்போல்ட் கணக்குப்படி மெக்சிகோ தந்த வெள்ளியில் நாலில் ஒரு பங்கு இந்த ஒரு தாரையிலிருந்து வந்தது. சுற்றியுள்ள சுரங்கக் குடியிருப்புகளையும் சேர்த்து இங்கே 70,000 பேர் வாழ்ந்தார்கள். 1800-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நியூயார்க் நகரில் இருந்தவர்கள் 60,000 பேர்தான்.

இவ்வளவு வெள்ளி இருந்தும் ஊருக்குள் ஒரு படி தானியம் விளையாது. எல்லாம் கீழே சமவெளியிலிருந்துதான் ஏறி வர வேண்டும். 1785-ல் சமவெளியில் பனி விழுந்து சோளம் கருகியபோது, அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அந்த ஆண்டை மெக்சிகோ வரலாறு ‘பசி ஆண்டு’ என்றே குறிக்கிறது. அந்தப் பாடத்தின் விளைவாக, இந்தப் பகுதியின் நிர்வாகி ஹுவான் அந்தோனியோ தெ ரியான்யோ 1798-ல் ஒரு தானியக் களஞ்சியம் கட்டத் தொடங்கினார். 1809-ல் முடிந்தது. ‘அலோந்திகா தெ கிரானாதித்தாஸ்’ என்று பெயர். மொத்தமான கல் சுவர்கள், உயரத்தில் சின்னச் சின்ன சன்னல்கள், ஒரு கோட்டை போல. கல்வியும் நேர்மையும் உள்ள மனிதர் ரியான்யோ. தொலோரெஸ் ஊர்ப் பங்குத் தந்தை மிகேல் இதால்கோவுக்கு நண்பரும்கூட.

1810 செப்டம்பர் 16 அன்று அந்த இதால்கோதான் தொலோரெஸில் மணியடித்து, ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டினார். பன்னிரண்டாம் நாள், செப்டம்பர் 28 அன்று, பல்லாயிரம் பேர் கூட்டத்தோடு குவானாஹுவாத்தோவின் வாசலில் நின்றார். பள்ளத்தில் கிடக்கும் ஊரைக் காப்பது யாராலும் முடியாது. சுற்றுக் குன்றுகளில் ஏறியவர்கள் கையில் ஊர் இருக்கும். ரியான்யோ ஊரைக் காப்பதை விட்டுவிட்டு, ஸ்பானியர்களையும் பணக்காரக் குடும்பங்களையும் அரசுக் கருவூலத்தையும் வெள்ளிக் கட்டிகளையும் களஞ்சியத்துக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். அதுதான் அவர் செய்த பெரும் பிழை என்பேன். பசிக்காகக் கட்டிய கட்டடத்துக்குள் செல்வர்கள் போய்ப் பூட்டிக்கொண்டார்கள். ஏழைகள் வெளியே விடப்பட்டார்கள். பெரிய மனிதர்கள் தங்களை மட்டும் காத்துக்கொள்கிறார்கள் என்று ஊர் பேசியது. சிறிது நேரத்தில் ஊரும் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துவிட்டது.

வலென்சியானாவிலிருந்து தொழிலாளர்கள் இறங்கி வந்தார்கள். ஆற்றுப் படுகையிலிருந்து உருண்டைக் கற்களை அள்ளி அள்ளிக் கொடுக்க, குன்றுகளின் மேலிருந்தவர்கள் கவண் வீசினார்கள். ரியான்யோ தொடக்கத்திலேயே குண்டடிபட்டு இறந்தார். மரக்கதவுக்குத் தீ வைக்கப்பட்டது. கதவு விழுந்ததும் உள்ளே நுழைந்த கூட்டம் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொன்றது. அடுத்து ஊர் சூறையாடப்பட்டது.

அந்தக் கதவுக்குத் தீ வைத்தவர் யார்? மெக்சிகோவில் எந்தப் பள்ளிக் குழந்தையைக் கேட்டாலும் ‘பீப்பிலா’ என்று சொல்லும். ஹுவான் ஹோசே தெ லோஸ் ரேயெஸ் மார்த்தினெஸ் என்ற சுரங்கத் தொழிலாளி. மேலிருந்து பொழிந்த குண்டுகளுக்குக் கேடயமாக ஒரு பெரிய கற்பலகையை முதுகில் கட்டிக்கொண்டு, குனிந்து நடந்து போய்க் கதவில் தீயிட்டார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. ஊரை நோக்கி நிற்கும் குன்றின்மேல், கையில் தீப்பந்தம் ஏந்திய அவருடைய பெருஞ்சிலையை 1939-ல் நிறுவினார்கள்.

மறுத்தவர் ஒருவர் உண்டு. லூக்காஸ் அலமான், இதே ஊரில் 1792-ல் சுரங்க முதலாளிக் குடும்பத்தில் பிறந்தவர். முற்றுகை நடந்தபோது ஊரில் இருந்தார். பதினெட்டு வயது நிரம்பச் சில வாரங்கள் பாக்கி. வீட்டைக் காக்கும்படி அவருடைய தாய் இதால்கோவை நேரில் போய்ப் பார்த்தபோது மகனும் உடன் சென்றார். பிற்காலத்தில் மெக்சிகோவின் பெரிய வரலாற்றாசிரியரான அவர், பீப்பிலா என்ற பெயரையே குவானாஹுவாத்தோவில் யாரும் கேட்டதில்லை என்று எழுதினார். அலமான் கண்ணால் கண்ட சாட்சிதான். ஆனால் எந்த வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்த சாட்சி என்பதும் முக்கியம். சுமையாளிகளின் பெயர் முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இரண்டு பக்கமும் வாதாடலாம். எனக்குக் கண்ணை உறுத்துவது வேறு: 250 ஆண்டு வெள்ளியை முதுகில் சுமந்து ஏற்றிய ஆயிரமாயிரம் மனிதரில் ஊர் பெயர் சொல்லி நினைவுகூர்வது ஒரே ஒருவரை. அவரும் முதுகில் கல் சுமந்துகொண்டுதான் வரலாற்றுக்குள் வருகிறார். அப்படி ஒருவர் இருந்தாரா என்றே சண்டை நடக்கிறது. ஒரு கற்பலகையைச் சுமக்க முடியுமா என்ற கேள்விக்கு மட்டும் ஹம்போல்ட் ஏழு ஆண்டு முன்னமே பதில் எழுதிவிட்டார்.

இரண்டு மாதத்தில், நவம்பரில், அரசப் படைத்தலைவர் கயேஹா ஊரைத் திரும்பப் பிடித்தார். தோற்று ஓடும் வேளையில் கும்பலொன்று களஞ்சியத்தில் கைதிகளாக இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது; கயேஹா பதிலுக்கு ஊர்ச் சதுக்கங்களில் தூக்குமரம் நட்டார். மறு ஆண்டு வடக்கே சீவாவாவில் கிளர்ச்சித் தலைவர்களான இதால்கோ, அயெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய தலைகளை இங்கே கொண்டுவந்து, களஞ்சியத்தின் நான்கு மூலைகளிலும் இரும்புக் கூண்டில் தொங்கவிட்டார்கள். 1821-ல் விடுதலை உறுதியாகும் வரை, பத்து ஆண்டு, அவை அங்கேயே தொங்கின. மூலைகளில் நால்வர் பெயர்களும் இன்று பொறிக்கப்பட்டிருக்கின்றன. கட்டடம் பிற்பாடு சிறையாக இருந்து, 1958-ல் அருங்காட்சியகமாயிற்று.

போருக்குப் பின் சுரங்கங்களில் தண்ணீர் ஏறியது. 1820-களில் ஆங்கிலேய முதலீடு வந்தது, பெரும்பாலும் நட்டத்தில் போனது. 1858 தொடக்கத்தில் சில வாரங்கள் அதிபர் பெனித்தோ ஹுவாரெஸ் தம் அரசை இங்கிருந்து நடத்தினார். 1903-ல் அதிபர் போர்ஃபிரியோ தியாஸ் வந்து, தூண்களும் கலைத் தேவதைச் சிலைகளுமாக நிற்கும் ஹுவாரெஸ் நாடக அரங்கைத் திறந்துவைத்தார். இரண்டே ஆண்டில் பெருவெள்ளம். 1930-களின் இறுதியில் அமெரிக்க நிறுவனம் கைவிட்ட சுரங்கங்களைத் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து எடுத்து, பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். இந்த ஊர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பெருமை அது.

மம்மிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கேட்பார்கள். சாந்தா பாவ்லா இடுகாட்டில் சுவர் மாடங்களில் அடக்கம் செய்வது வழக்கம். அதற்குக் கட்டணம் உண்டு. கட்ட முடியாத ஏழைகளின் உடல்களைச் சில ஆண்டு கழித்து வெளியே எடுப்பார்கள். 1865-ல் அப்படி எடுத்த ஒரு மருத்துவரின் உடல், வறண்ட காற்றில் அழியாமல் இருந்தது. அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட உடல்கள். அவை கண்ணாடிப் பெட்டிகளில் காட்சிக்கு இருக்கின்றன. வாசலில் அதே உருவத்தில் சர்க்கரை மிட்டாய் விற்கிறார்கள். கல்லறைக்கு வாடகை கட்ட வழியில்லாதவர்களை வேடிக்கைப் பொருளாக நிறுத்தியிருப்பது எனக்கு உடன்பாடில்லை. அவர்களைத் திரும்ப அடக்கம் செய்வதே மரியாதை.

இன்றைய ஊரைக் காக்கிறதும் அதே பள்ளத்தாக்குதான். மாநிலத் தலைநகர் இது. ஆனாலும் பக்கத்துச் சமவெளியில் லெயோன் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டபோது, 2010 கணக்கெடுப்பில் இந்நகருக்குள் இருந்தவர்கள் சுமார் 72,000 பேர். கார்த் தொழிற்சாலைகள் தட்டையான நிலம் தேடி சிலாவோவுக்குப் போயின. இங்கே தங்கியது பல்கலைக்கழகம். இயேசு சபையினர் 1732-ல் தொடங்கிய பள்ளியின் வழி வந்தது அது. அதன் மாணவர்கள் 1953-ல் சான் ரோக்கே சதுக்கத்தில், கோயில் சுவரையே மேடைத் திரையாக வைத்து, செர்வாந்தெஸின் குறு நாடகங்களை நடித்தார்கள். பேராசிரியர் என்ரிக்கே ருவேலாஸ் இயக்கினார். அந்த வித்திலிருந்து 1972-ல் செர்வாந்தீனோ பன்னாட்டுக் கலைவிழா பிறந்தது. கட்டம் போட்ட நகரமாக இருந்தால் அந்த நாடகத்துக்கு அப்படி ஒரு சதுக்கம் அமைந்திருக்காது.

இரவில் பழைய ஸ்பானிய மாணவர் உடையில் பாடகர்கள் சந்து சந்தாக நடக்க, கேட்பவர்களும் பின்னால் ஏறி இறங்குகிறார்கள். முக்கோண வடிவத் தோட்டச் சதுக்கத்தை ஊர்க்காரர்கள் ‘பாலாடைக்கட்டித் துண்டு’ என்கிறார்கள். சுற்றிலும் அடர்த்தியாகக் கத்தரித்த நிழல் மரங்களுக்கு அங்கே பெயர் ‘இந்திய லாரல்’. நம் ஆலமரக் குடும்பத்தைச் சேர்ந்த மரம்தான். புனித வாரத்துக்கு முந்தைய வெள்ளியன்று அந்தச் சதுக்கம் முழுக்கப் பூவாகும். சுரங்கங்களிலும் மாதாவுக்குப் பீடம் அலங்கரித்து, வருகிறவர்களுக்குக் குளிர்ந்த பழநீரும் ஐஸ்கிரீமும் கொடுப்பார்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் தூவிய ‘சுரங்கத் தொழிலாளர் என்சிலாதா’ இந்த ஊர்ச் சாப்பாடு. போசித்தோஸ் தெருவில் 1886-ல் தியேகோ ரிவேரா பிறந்த வீடு இருக்கிறது. உழைப்பவர் முதுகை அத்தனை முறை சுவரில் வரைந்த ஓவியர் இந்த ஊர்க்காரர் என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1988-ல் ஊரையும் சுரங்கங்களையும் சேர்த்தே யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இந்தத் தொடரின் தலைப்புக்கு வருவோம். வெள்ளி எங்கே போனது? மெக்சிகோ நகர நாணயச் சாலையில் எட்டு ரியால் நாணயமாகி, ஒரு பங்கு அக்காபுல்கோவிலிருந்து மணிலாவுக்கும், பெரும்பங்கு வேரா குரூஸிலிருந்து ஐரோப்பாவுக்கும் போனது. அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்களில் சோழமண்டலக் கரைக்கு வந்தது. நம் நெசவாளர்கள் நெய்த துணிக்கு ஈடாகக் கொடுக்க ஐரோப்பியரிடம் வெள்ளியைத் தவிர வேறு சரக்கு அதிகம் இருக்கவில்லை. 1808-ஐ ஒட்டி, சென்னை நாணயச் சாலை வெள்ளியில் அரைப் பூவராகன் அடித்தது. ஒரு பக்கம் கோயில் கோபுரம். மறுபக்கம் திருமால் உருவம், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. அவசரத்தில் பல ஸ்பானிய நாணயங்களை உருக்காமல் அவற்றின் மேலேயே அச்சைப் பதித்தார்கள். அப்படிப்பட்ட காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், கோபுரத்துக்கு அடியில் பழைய நாணயத்தின் கோடுகள் நிழலாகத் தெரியும். மெக்சிகோ வெள்ளியில் நாலில் ஒரு பங்கு குவானாஹுவாத்தோ மலைகளுடையது என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம், தென்னமெரிக்க வெள்ளியைப் பிரித்தெடுத்த பாதரசம் தோண்டப்பட்ட பெரு நாட்டு மலை, உவாங்காவெலிக்கா. அதற்குள் ஒரு வேண்டுகோள். பாட்டி காலத்துப் பெட்டியில் கோபுரம் போட்ட பழைய வெள்ளிக் காசு கிடந்தால், தயவுசெய்து அதை உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.